குரோமியத்தில் இல்லாத ஆறு

“மிஸ், குரோமியத்துக்குள்ள அந்த ஆறு எங்கே இருக்குதுங்க?”

கேட்டவள் கோகிலவாணி. நாற்பதைத் தாண்டியவள். கோயம்புத்தூரில் ஒரு முலாம் பூசும் பட்டறையை நடத்துகிறவள்.

பதில் சொல்ல வேண்டியவள் நசீமா. அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். கல்லூரியில் வேதியியல் ஆசிரியை.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. நசீமா வீட்டு மாடி அறை. சுவரில் ஒரு கரும்பலகை, அதில் குரோமியம் என்று எழுதி, அதன் தலைமேல் கூட்டல் குறி போட்டு ஓர் ஆறு.

நசீமா அந்த ஆறைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எங்கேயும் இல்லக்கா.”

“இல்லீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குங்க எழுதறோம்?”

“இருக்கிறதா வெச்சுக்கிட்டு எழுதறோம்.”

கோகிலவாணி பேனாவை மூடி வைத்தாள்.

“குரோமியமும் ஆக்சிஜனும் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிட்டுத்தான் இருக்குதுன்னு போன வாரம் நீங்கதானுங்க சொன்னீங்க. இந்த வாரம் ஆக்சிஜனே எல்லாத்தையும் பறிச்சுக்கிட்ட மாதிரி எழுதச் சொல்றீங்க. அது பொய்தானுங்களே மிஸ்?”

“பொய்தான்.”

“ஆக்சிஜனேற்ற எண்ணுன்னு இவ்வளவு பெரிய பேரு வெச்சது, ஒரு பொய்க்கா?”

“ஆமாம்.”

நசீமா அதிகம் பேசுகிறவள் இல்லை. கல்லூரியிலும் அப்படித்தான் என்று சொல்வார்கள்.

“எனக்கு அது வேண்டாமுங்க மிஸ்.”

“வேண்டாம்னா விட்டுடுங்க. அது இல்லாமச் செஞ்சு பாருங்க.”

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

&nbsp;

கோகிலவாணி எந்தப் பரீட்சைக்கும் படிக்கவில்லை. அவள் படிக்க வந்ததற்குக் காரணம் ஓர் இருமல்.

பட்டறையில் இரும்புச் சாமான்களுக்குக் குரோம் முலாம் பூசிக் கழுவுவார்கள். கழுவின தண்ணீர் மஞ்சளாகப் பின்கட்டுத் தொட்டியில் சேரும். அந்த மஞ்சள் விஷம். அப்படியே வாய்க்காலில் விட முடியாது. ஆசிட் கொஞ்சம் விட்டு, சல்ஃபைட் பொடியைக் கொட்டிக் கலக்கினால் மஞ்சள் போய்ப் பச்சை வரும். பிறகு சுண்ணாம்பு போட்டால் குரோமியம் எல்லாம் சேறாக அடியில் தங்கிவிடும். மேலே நிற்கிற தண்ணீரைத் திறந்துவிடலாம்.

பொடியைக் கொட்டுகிறவர் ரங்கராசு. கொட்டும்போதெல்லாம் தொட்டியிலிருந்து ஒரு காரமான புகை எழும்பும். மூச்சை அடைக்கும். ரங்கராசு துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு கொட்டிவிட்டு ஓடிவருவார். வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார்.

ஒரு நாள் நசீமா தன் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் மட்கார்டை முலாம் போடக் கொண்டுவந்தாள். இருமல் சத்தம் கேட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள்.

“பொடி எவ்வளவு போடுவீங்க?”

“போதும்கிற வரைக்கும்” என்றாள் கோகிலவாணி.

“எவ்வளவு போதும்?”

மட்கார்டு பளபளவென்று தயாராகிப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி பட்டறையிலேயே நின்றது.

அளவுக்கு மிஞ்சிப் போடுகிற பொடிதான் ஆசிட்டில் புகையாக வெளியே வருகிறது என்று அவளுக்குப் பிறகு தெரிந்தது. பழைய கெமிஸ்ட் ஒருவர் எப்போதோ ஓர் அளவு சொல்லிவிட்டுப் போனார். பயத்தில் அதற்குமேல் ஒரு கை. அடுத்த வருஷம் இன்னொரு கை. அந்தக் கைகளெல்லாம் சேர்ந்து ரங்கராசுவின் நெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி நசீமா வீட்டுப் படியேறினாள்.

“எனக்குச் சொல்லிக் கொடுங்க மிஸ்.”

“பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சிருக்கீங்களா?”

“அதுல வேதியியல் இல்லீங்க.”

“நல்லதாப் போச்சு” என்றாள் நசீமா.

&nbsp;

அணுவை எண்ணுவது எப்படி என்பதில் அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை.

“கண்ணுக்குத் தெரியாததை எண்ண முடியாது. ஆனா எடை போடலாம்” என்று நசீமா ஆரம்பித்தாள்.

“எங்க பட்டறையிலயும் அப்படித்தானுங்க மிஸ். மூட்டை போல்ட்டு வந்தா யாரு எண்ணறாங்க? ஒரு போல்ட்டு எடை தெரியும். மூட்டை எடை தெரியும்.”

நசீமா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பாடத்தை முடித்துக்கொண்டாள். அடுத்த பாடத்துக்கே போய்விட்டார்கள்.

தடுக்கியது இந்த ஆறில்தான்.

&nbsp;

இல்லாததை எழுத மாட்டேன் என்று வீட்டுக்கு வந்தவள் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினாள்.

சமன்பாடு என்றால் என்ன? இந்தப் பக்கம் இருக்கிற அணுவெல்லாம் அந்தப் பக்கமும் இருக்க வேண்டும். ஒன்றும் காணாமல் போகக் கூடாது, ஒன்றும் புதிதாக முளைக்கக் கூடாது. அதற்குப் பொய் எதற்கு?

தோசை வார்க்கும்போது யோசித்தாள். சாமான் இறக்குகிற வண்டிக்காகக் காத்திருக்கும்போது யோசித்தாள். அட்டைப் பெட்டியின் ஓரத்தில் எழுதினாள், அடித்தாள், எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விடை வந்தது.

இடது பக்கம் அந்த மஞ்சள் விஷமான டைகுரோமேட் ஒன்று, பொடியான சல்ஃபைட் ஒன்று, ஆசிட் தருகிற ஹைட்ரஜன் அயனி பன்னிரண்டு. வலது பக்கம் இரண்டு குரோமியம், ஒரு சல்ஃபேட், ஆறு தண்ணீர்.

குரோமியத்தை எண்ணினாள். இங்கே இரண்டு, அங்கே இரண்டு. கந்தகம் ஒன்றுக்கு ஒன்று. ஆக்சிஜன் பத்துக்குப் பத்து. ஹைட்ரஜன் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

ஒரு பொய்கூட இல்லாத சமன்பாடு.

தொட்டியில் எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்பதை நசீமா ஏற்கெனவே கல்லூரி ஆய்வகத்தில் பார்த்துச் சொல்லியிருந்தாள். பொடிக்கான கணக்கைப் போட்டாள் கோகிலவாணி. வழக்கமாகக் கொட்டுகிறதில் ஒரு சின்ன மூலை அளவுதான் வந்தது.

தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. மேற்கே மழை கட்டியிருந்தது. மழை பெய்தால் தொட்டி வழியும்.

ஞாயிற்றுக்கிழமை வரை அவள் காத்திருக்கவில்லை.

&nbsp;

“இவ்வளவுதானுங்களா அம்மிணி?”

ரங்கராசு வாளியைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம் பொடி.

“அவ்வளவுதான் அண்ணா. கொட்டுங்க.”

அவர் துண்டைச் சுற்றிக்கொண்டார். கொட்டினார். ஓடத் திரும்பியவர் நின்றார்.

துண்டை மெல்ல இறக்கினார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

“புகையே வரலீங்க!”

“வரலையா?”

“துளிகூட வரலீங்க அம்மிணி! இத்தனை நாளு நாம என்னத்தையோ பண்ணிக்கிட்டு இருந்திருக்கோம் போங்க!”

அவர் சிரித்தார். சிரிப்பு வழக்கம்போல இருமலில் போய் முடியவில்லை.

தண்ணீர் நிறம் மாறியது. பச்சைதான் என்று அவள் சொல்லிக்கொண்டாள். கண் சொன்னதா, ஆசை சொன்னதா என்று அப்போது அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

சுண்ணாம்பு போட்டார்கள். சேறு மெதுவாக அடியில் இறங்கியது.

“வால்வைத் திறந்துடட்டுங்களா? மழை வந்துரும்.”

வால்வுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். வாய்க்கால் போய்ச் சேருமிடம் குளம். குளத்தில் மீன் பிடிப்பார்கள். எருமைகளை இறக்குவார்கள்.

கோகிலவாணி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மேல் தண்ணீரை மொண்டாள். வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

தெளிவான தண்ணீர். ஆனால் நிறமற்றது இல்லை. நன்றாகத் தெரிகிற மஞ்சள்.

அடித்துத் திருத்தித் தான் கண்டுபிடித்த கணக்கு. புகை இல்லாத முதல் நாள். ரங்கராசுவின் சிரிப்பு.

“திறக்காதீங்க அண்ணா.”

“மழை அம்மிணி…”

“மேல தார்ப்பாயைக் கட்டுங்க. வால்வுச் சாவியை என்கிட்ட கொடுங்க.”

&nbsp;

நசீமா கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. வாசலில் நின்ற கோகிலவாணியையும் அவள் கையிலிருந்த பாட்டிலையும் பார்த்தாள்.

“வால்வு?”

“திறக்கலீங்க.”

நசீமா மூச்சை விட்டாள்.

“என்கிட்டக் காட்டாமப் போட்டுட்டீங்களா?”

“ஆமாமுங்க மிஸ்.”

அதற்குமேல் அவள் திட்டவில்லை. மாடிக்குப் போனார்கள். விஷம் மிச்சமிருந்தால் நிறம் மாறிக் காட்டுகிற மருந்து உள்ள ஒரு சின்னக் குப்பியை நசீமா எடுத்தாள். பாட்டில் தண்ணீரில் கொஞ்சத்தை ஊற்றி, ஆசிட் ஒரு சொட்டு, குப்பியிலிருந்து ஒரு சொட்டு.

தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. பிறகு இன்னும் கறுத்தது.

“விஷம் அப்படியே இருக்குங்களா?”

“நிறைய இருக்கு. எழுதுங்க.”

கோகிலவாணி தன் சமன்பாட்டைப் பலகையில் எழுதினாள். ஒவ்வோர் அணுவாக எண்ணிக் காட்டினாள்.

“எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது?”

“அணுவெல்லாம் சரியா இருக்கு.”

நசீமா ஒவ்வொன்றின் முன்னால் இருந்த எண்ணிக்கையையும் தலைமேல் இருந்த சின்னக் கூட்டல், கழித்தல் எண்களையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் டஸ்டரால் துடைத்தாள். பலகையில் வெறும் எண்களும் குறிகளும் மட்டும் மிச்சம்.

“இதை எண்ணுங்க.”

இவை பொய் எண்கள் இல்லை. ஒவ்வோர் அயனியின் நிஜமான மின்சுமை. கோகிலவாணிக்கு அது தெரியும். எண்ணினாள்.

இடது பக்கம் கழித்தல் இரண்டு, இன்னொரு கழித்தல் இரண்டு, கூட்டல் பன்னிரண்டு.

“கூட்டல் எட்டு.”

“அந்தப் பக்கம்?”

கூட்டல் ஆறு. கழித்தல் இரண்டு.

“கூட்டல்…”

அவள் நிறுத்தினாள். மறுபடி எண்ணினாள்.

“கூட்டல் நாலு.”

நசீமா டஸ்டரைக் கீழே வைத்தாள்.

“எட்டு எப்படிங்க நாலாச்சு? எலக்ட்ரான்னா கழித்தல். அப்ப வலது பக்கம் நாலு எலக்ட்ரான் கூட இருக்குதுங்களே?”

“இருக்கு.”

“எங்கிருந்துங்க வந்துச்சு?”

“நான் எழுதலையேக்கா.”

கோகிலவாணி பலகைக்கு முன்னால் நின்றாள். கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வெங்காயம் கூவிக்கொண்டு போனார். குரல் தேய்ந்து மறையும்வரை அவள் அசையவில்லை.

பிறகு சாக்பீஸை எடுத்தாள். துடைத்ததை எல்லாம் மறுபடி எழுதினாள். கொஞ்சம் தயங்கினாள்.

குரோமியத்தின் தலைமேல் அந்த ஆறைப் போட்டாள்.

நசீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“குரோமியம் ஆறுலிருந்து மூணுக்கு இறங்குது. அப்ப ஒண்ணொண்ணும் மூணு எலக்ட்ரான் வாங்கிக்குது. ரெண்டு குரோமியம். வாங்கினது ஆறு.”

“ம்.”

“பொடியில இருக்கற கந்தகம் நாலுலிருந்து ஆறுக்கு ஏறுது. ரெண்டைக் கொடுக்குது.”

“ம்.”

“கேக்கறது ஆறு. கொடுக்கறது ரெண்டு. மிச்சம் நாலு…”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த நாலுதான் இந்த நாலா?”

நசீமா தலையாட்டினாள்.

“யாரும் கொடுக்காததை வாங்கின மாதிரி எழுதிட்டேன்.”

“தொட்டி ஒத்துக்கலை” என்றாள் நசீமா.

கோகிலவாணி சல்ஃபைட்டுக்கு முன்னால் மூன்று என்று எழுதினாள். எழுதியதும் மற்றவை தாமாகவே இடத்துக்கு வந்தன. பன்னிரண்டு ஹைட்ரஜன் எட்டானது. ஆறு தண்ணீர் நாலானது. மின்சுமையை எண்ணினாள். இந்தப் பக்கம் பூஜ்யம். அந்தப் பக்கமும் பூஜ்யம்.

“போட்டதைப்போல இன்னும் ரெண்டு மடங்கு போடணும்.”

“ஆசிட் மறுபடி விடணும். சுண்ணாம்பு போட்டுட்டீங்கல்ல.”

“வழக்கமாப் போடறதைவிட அப்பவும் கம்மிதானுங்க மிஸ். ரொம்பக் கம்மி.”

“மேல ஒரு சிட்டிகை சேர்த்துக்கலாம். கை அளவு வேண்டாம். அவருக்கு நல்ல மாஸ்க்கா ஒண்ணு வாங்கிக் கொடுங்க. டாக்டர்கிட்டயும் கூட்டிப் போங்க. துண்டெல்லாம் உதவாது.”

கோகிலவாணி படியிறங்கினாள். மழையின் முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

&nbsp;

சனிக்கிழமை அவர்கள் மேல் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டிக்கு ஏற்றினார்கள். ரங்கராசு புது மாஸ்க்கோடு நின்றார். அதில் தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

மறுபடி ஆசிட். மறுபடி பொடி.

இந்த முறை கண்ணும் ஆசையும் தனித்தனியாகப் பார்த்தன. பச்சை. நிஜப் பச்சை.

சுண்ணாம்பு போட்டுச் சேறு இறங்கக் காத்திருந்தார்கள். நசீமா கொடுத்தனுப்பிய குப்பியிலிருந்து கோகிலவாணியே ஒரு சொட்டு விட்டாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

“ஒண்ணும் ஆகலீங்களே?” என்றார் ரங்கராசு ஏமாற்றத்தோடு.

“ஆகலை அண்ணா” என்று சொல்லி, கோகிலவாணி சாவியைக் கொடுத்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் கடைசிவரை நின்று பார்த்துவிட்டுத்தான் இருவரும் டீக்கடைக்குப் போனார்கள்.

&nbsp;

ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்புக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள்.

“மிஸ், எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க.”

“கேளுங்க.”

“அந்த ஆறு நிஜம் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நிஜமில்லாததை வெச்சுக் கணக்குப் போட்டேன். தொட்டி கேட்டுச்சு. நிஜத்தை மட்டும் வெச்சுக்கிட்டேன்னு நினைச்சுப் போட்டேன். கேக்கலை. அதெப்படிங்க?”

நசீமா அலமாரியைத் திறந்தாள். ஒரு கறுப்புக் கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். கல் கனத்தது. மேஜைமேல் கிடந்த குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனாள். ஊசி துள்ளிப் போய்க் கல்லில் ஒட்டிக்கொண்டது.

“காந்தக்கல்லுங்களா?”

“ஆமாம். இதுல மூணு இரும்புக்கு நாலு ஆக்சிஜன். வேற ஒண்ணும் கிடையாது. இரும்புக்கு என்ன எண்?”

“இதுக்கும் நான் கேட்டதுக்கும்…”

“எண்ணைச் சொல்லுங்க.”

கோகிலவாணி கல்லை மேஜைமேல் வைத்துவிட்டுப் பலகைக்குப் போனாள். ஆக்சிஜன் ஒன்றுக்குக் கழித்தல் இரண்டு. நாலு ஆக்சிஜனுக்கு எட்டு. அந்த எட்டை மூன்று இரும்பும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். வகுத்தாள்.

சாக்பீஸ் நின்றது.

“ரெண்டும், மூணுல ரெண்டு பங்கும்.”

“எழுதுங்க.”

எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. பக்கத்தில் மறுபடி ஒருமுறை வகுத்தாள். அதேதான் வந்தது.

“மிஸ், எலக்ட்ரானைத் துண்டு போட முடியுங்களா?”

“முடியாது.”

“அப்ப எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்.”

“வகுத்தது சரி.”

“ஆக்சிஜனுக்கு வேற எண்ணா?”

“அதே கழித்தல் ரெண்டுதான்.”

“அப்புறம் எப்படிங்க ஒரு இரும்புக்கு ரெண்டே முக்காலு மாதிரி ஒண்ணு வரும்? முழுசாக் கொடுக்கணும், இல்லைன்னாக் கொடுக்காம இருக்கணும்.”

நசீமா கீழே போய்விட்டாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பால் பொங்கி அடங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு டம்ளர் டீயோடு அவள் படியேறி வந்தபோதும் கோகிலவாணி அதே இடத்தில் நின்றிருந்தாள்.

பலகையில் புதிதாக மூன்று வட்டங்கள். மூன்று இரும்பு. ஒவ்வொன்றிலும் ஏதோ எழுதி அழித்திருந்தாள். முதலில் எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டிருக்கிறாள், கூட்டினால் ஆறு, போதவில்லை. எல்லாவற்றுக்கும் மூன்று போட்டிருக்கிறாள், ஒன்பது, மிஞ்சிவிட்டது.

“எட்டு வரணும். மூணா இருக்குது. துண்டு போடவும் கூடாது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

நசீமா டீயை மேஜைமேல் வைத்தாள்.

கோகிலவாணி முதல் வட்டத்தில் மூன்று என்று எழுதினாள். இரண்டாவதில் மூன்று. மூன்றாவது வட்டத்துக்குக் கொண்டுபோன கை அந்தரத்தில் நின்றது.

“மிஸ்!”

“ம்?”

“இது வேற! இந்த ஒண்ணு வேற இரும்பு! இது ரெண்டைத்தான் கொடுத்திருக்குது!”

அவள் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு.

“மூணும் ஒரே மாதிரின்னு நானா நினைச்சுக்கிட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவே இல்லீங்களே.”

சிரித்துக்கொண்டே டஸ்டரை எடுத்தாள். பலகையின் ஓரத்தில், இரண்டும் மூன்றில் இரண்டும் என்று முன்பு எழுதி வைத்த அந்த நடக்க முடியாத எண்ணைத் துடைக்கப் போனாள்.

நசீமா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அதை ஏன்க்கா அழிக்கிறீங்க? அது சொல்லித்தானே உங்களுக்குத் தெரிஞ்சுது.”